அழிந்துபோன எம்ப்ராய்டரி டிசைனை மீட்பதும், அடுத்த முறை அழாமல் இருப்பதும்

முதலில் பென் டிரைவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிசைன் அழிந்த பதற்றத்தில் இதைத் திறந்தவர்களுக்கு வேறு எதையும்விட இதைத்தான் சொல்ல வேண்டும். அதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். மிஷினில் இன்னொரு தடவை சொருகிப் பார்க்காதீர்கள். பஞ்சிங் போட்டவரிடம், அதாவது படத்தை மிஷின் தைக்கும் ஃபைலாக மாற்றிக் கொடுத்தவரிடம், அதே டிசைனை மறுபடி வாங்கி அதே டிரைவில் போடவும் வேண்டாம். அழித்தாலும் ஃபைல் உடனே போய்விடுவதில்லை. பட்டியலில் அதன் பெயரைத்தான் அடித்துவிடுகிறது, தையல் விவரமெல்லாம் இருந்த இடத்திலேயே கிடக்கும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வழி உண்டு. எழுதிவிட்டால் யாராலும் முடியாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஹெட், 12 ஊசி மிஷின் ஒன்று ஓடுகிறது. முகூர்த்த மாதங்களில் கல்யாண ப்ளவுஸ், மே மாதம் பள்ளிச் சீருடை பேட்ஜ், சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடைக்கு வேலை. புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின தையல் மாஸ்டர்கள் சிலர் இன்னும் எனக்குத்தான் துணி அனுப்புகிறார்கள்.

அன்றைக்கு மே மாதக் கடைசி. பள்ளி திறக்க நான்கு நாள், 600 பேட்ஜ் பாக்கி. நான் விளக்குத்தூண் பக்கம் நூல் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உதவிக்கு இருக்கும் பெண் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிறாள்.

"அக்கா, மிஷின் என்னமோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு. ஓகே குடுத்துட்டேன்."

"என்னன்னு கேட்டுச்சு?"

"ஃபார்மேட்டுன்னு வந்துச்சுக்கா."

அவளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு வருட வேலையை ஒரே ஒரு பென் டிரைவில் வைத்தது நான்தான். 53 டிசைன். கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். போன தீபாவளிக்கு முன்னால் அதற்கு விண்டோஸ் மறுபடி போட்டபோது கடைக்காரர் டெஸ்க்டாப்பில் இருந்ததை எடுத்து வைக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மென்பொருளைத் தேடி ஓடும் முன் செலவில்லாத இடங்களைப் பாருங்கள். என் 53-இல் 19 டிசைன் இப்படியே கிடைத்துவிட்டன. முதல் இடம் மெயில். பஞ்சிங் போடுகிறவர் மெயிலில் அனுப்பியிருந்தால் அது அங்கேயே இருக்கும். நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் சென்ட் பெட்டியில் இருக்கும். அடுத்தது வாட்ஸ்அப். அந்த உரையாடலில் டாக்குமெண்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். வந்த அன்றே டவுன்லோட் செய்திருந்தால் போனிலேயே கிடக்கும். அப்போது தொடாமல் விட்டிருந்தால், மாதக்கணக்கில் கழித்துத் தொடும்போது வராது, அனுப்பியவரிடம் மறுபடி கேட்கச் சொல்லும். மூன்றாவது இடம் மிஷின். பல மிஷின்கள் பென் டிரைவில் இருந்து எடுத்த டிசைனைத் தங்கள் உள் நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் தைக்கின்றன. அதிலிருந்து வேறொரு பென் டிரைவுக்கு அவுட்புட் கொடுக்கலாம். கடைசியாக, வெட்கப்படாமல் பஞ்சிங் போட்டவருக்குப் போன் செய்யுங்கள். நான் மூன்று பேருக்குச் செய்தேன். ஒருவர் சிரித்துவிட்டு அரை மணி நேரத்தில் அனுப்பினார். இன்னொருவர் பழைய பணம் பாக்கி இருப்பதை ஞாபகப்படுத்தினார். நியாயம்தான்.

மீதிக்குத்தான் மீட்பு மென்பொருள். சும்மா டெலீட் ஆனது என்றால் ரெக்குவா போதும். இலவசப் பதிப்பே வேலை செய்யும். அதைக் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள், பென் டிரைவில் அல்ல. டிரைவைத் தேடச் சொன்னால் அழிந்த ஃபைல்களைப் பட்டியல் போட்டு, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று புள்ளி வைத்துக் காட்டும். பச்சை என்றால் நல்ல நிலையில் இருக்கிறது. மீட்பதைக் கம்ப்யூட்டரின் வேறு ஃபோல்டரில் வைக்கச் சொல்லுங்கள். அதே பென் டிரைவில் மீட்டால், மீட்ட ஒன்று மீட்காத இன்னொன்றின் தலையில் உட்கார்ந்துவிடும். சில பெயர்களில் முதல் எழுத்து மட்டும் காணாமல் போயிருக்கும். ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் அழிக்கும்போது பெயரின் முதல் எழுத்தைத்தான் மாற்றி வைக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம். எம்ப்ராய்டரி ஃபைல்கள் சிறியவை. பெரும்பாலும் துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே இடத்தில் இருக்கும். வீடியோ மீட்கிறவர்களைவிட நமக்கு இதில் அதிர்ஷ்டம் அதிகம்.

ஃபார்மேட் ஆனது வேறு கதை. பெயர்ப் பட்டியலே போய்விடுவதால் டிரைவை முதலில் இருந்து கடைசி வரை துழாவி, எந்த இடத்தில் எந்த வகை ஃபைல் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் என்பதோடு சேர்ந்தே வரும். பார்க்கக் கறுப்புத் திரையும் எழுத்துமாகப் பயமுறுத்தும். பக்கத்துத் தெருவில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன்தான் எனக்கு ஓட்டிக் கொடுத்தான். அதற்குத் தெரியாத வகை ஃபைலாக இருந்தால், ஒரு சின்னக் குறிப்பு ஃபைல் எழுதி வைத்து அடையாளம் சொல்லிக் கொடுக்க முடியும். மிஷினுக்குக் கொடுக்கும் தையல் ஃபைலான டி.எஸ்.டி. எப்போதும் எல், ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும். இன்னொரு வகைத் தையல் ஃபைலான பி.இ.எஸ். ஒரு ஹேஷ் குறியும் பி, இ, எஸ் எழுத்துகளுமாகத் தொடங்கும். அந்த அடையாளத்தை எழுதிக் கொடுத்ததும் தேடல் தொடங்கியது. நான் கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது நூற்றுக்கணக்கில் ஃபைல்கள்.

ஆனால் எதற்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஏழு இலக்கமும், அவ்வளவுதான். எது பள்ளி பேட்ஜ், எது மயில் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் விடிந்துவிடும். இந்த இடத்தில்தான் டி.எஸ்.டி. ஃபைலின் தலைப்பகுதி கைகொடுத்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், தினமும் பயன்படும்.

ஒரு டி.எஸ்.டி. ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். முக்கால்வாசி குப்பை எழுத்தாகத் தெரியும். முதல் சில வரி மட்டும் படிக்கிற மாதிரி இருக்கும். எல்.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் இருப்பது டிசைனின் பெயர், 16 எழுத்துக்குள். வெளியில் ஃபைலுக்கு என்ன பெயர் மாற்றினாலும் இது உள்ளேயே இருக்கும். எஸ்.டி. என்பது தையல் எண்ணிக்கை. சி.ஓ. என்பது நிறம் மாறும் எண்ணிக்கை. அதில் 4 என்று இருந்தால் டிசைனில் 5 நிறம். அப்புறம் எக்ஸ், ஒய் என்று பிளஸ் மைனஸ் போட்டு அளவுகள், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக. பிளஸ் எக்ஸ் 350, மைனஸ் எக்ஸ் 350 என்றால் அகலம் 70 மில்லிமீட்டர். பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேட் கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். சேமித்தால் ஃபைல் கெட்டுப்போகும்.

பெயரில்லாத ஃபைல்களுக்கு நான் பெயர் வைத்தது இந்த எல்.ஏ.யைப் பார்த்துத்தான். மீட்ட ஃபைல் முழுசா, பாதியா என்பதற்கும் இதிலேயே ஒரு கணக்கு உண்டு. தலைப்பகுதிக்கு 512 பைட், ஒவ்வொரு தையலுக்கும் 3 பைட். எங்கள் பள்ளி பேட்ஜில் எஸ்.டி. 9,840 என்று இருந்தது. மூன்றால் பெருக்கினால் 29,520, கூட 512 சேர்த்தால் 30,032. ஃபைலின் ப்ராப்பர்டீஸில் அளவு ஏறக்குறைய அதுவாக இருந்தால் முழுசாக வந்திருக்கிறது. ரொம்பக் குறைந்தால் பாதி அறுந்திருக்கிறது, மிஷினில் போட்டால் பள்ளிப் பெயரின் நடுவில் நின்றுவிடும். ஃபோட்டோரெக் எடுத்தது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஃபைல் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாததால் பின்னால் வேறு எதையாவது ஒட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்டதை எம்ப்ராய்டரி மென்பொருளில் திறந்து, கண்ணால் பார்த்து, புதிதாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கலாம். அதனால் வெட்டுத் துணியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல், ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் துணியில் கை வைக்காதீர்கள்.

அன்றிரவு இரண்டு மணிக்கு பள்ளி பேட்ஜ் கிடைத்தது. மொத்தத்தில் 53-இல் 47 திரும்பி வந்தன. போன ஆறில் ஒரு மயில் ப்ளவுஸ் டிசைன் இருந்தது. அது இன்னும் வலிக்கிறது.

அழியாமலே அழிந்த மாதிரி காட்டுவதும் ஒன்று இருக்கிறது. பிளெக்ஸ் கடை, ஜெராக்ஸ் கடை என்று பென் டிரைவ் ஊர் சுற்றிவிட்டு வந்தால், திறந்ததும் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக நிற்கும். அது வைரஸ். உங்கள் ஃபைல்களை அழிக்கவில்லை, மறைத்து வைத்திருக்கிறது. அந்த ஷார்ட்கட்டைத் தொடாமல், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால் எல்லாம் மங்கலாகத் தெரியும். டிசைன்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, டிரைவை ஸ்கேன் செய்து, ஃபார்மேட் போட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டரிலேயே அழிந்தது என்றால் ரீசைக்கிள் பின்னுக்கு அப்புறம் நம்பிக்கை அந்தக் கம்ப்யூட்டரின் வயதைப் பொறுத்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் மீட்கலாம். இப்போது வருகிற எஸ்.எஸ்.டி.யில் அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துவிடும், பெரும்பாலும் கிடைக்காது. வேகமாக ஓடுகிறது என்று எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டவர்கள் பேக்கப் விஷயத்தில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

சரி, பேக்கப்புக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. டிசைன் என்று எதைச் சொல்கிறோம்? நான் வெகுநாள் டி.எஸ்.டி.யைத்தான் டிசைன் என்று நினைத்திருந்தேன். அது ஊசி எங்கே இறங்க வேண்டும் என்கிற பட்டியல் மட்டும்தான். காகித நாடாவில் ஓட்டை குத்தி மிஷினுக்குக் கொடுத்த காலத்துப் பழக்கம் அது. பஞ்சிங் என்ற பெயரே அந்த ஓட்டை குத்துவதில் இருந்துதான் வந்தது. அதில் நிறம் கிடையாது, இந்த இடத்தில் நிறுத்து என்கிற குறிப்பு மட்டும்தான். அளவையும் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பெரிதாக்கினால் தையலுக்கு நடுவில் துணி தெரியும், சின்னதாக்கினால் நூல் மேல் நூல் ஏறி ஊசி உடையும். சட்டைப் பையில் இருக்கும் மூன்று அங்குல லோகோவை முதுகில் எட்டு அங்குலத்துக்குக் கேட்டால் மூல ஃபைல் வேண்டும். வில்காம் என்ற பஞ்சிங் மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு அது இ.எம்.பி. அதில் வடிவம் வடிவமாகவே இருப்பதால் அளவை மாற்றினால் தையலைப் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். எனக்கு முதலில் பஞ்சிங் போட்டவர் இ.எம்.பி.யைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார். அளவு மாற்ற வேண்டும் என்றால் மறுபடி காசு. இப்போது யாரிடம் வேலை கொடுத்தாலும் இரண்டும் தந்தால்தான் என்று முதலிலேயே பேசிவிடுகிறேன். கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

ஆகவே ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் இ.எம்.பி., டி.எஸ்.டி., பார்ட்டி கொடுத்த படம், தைத்து முடித்ததை வெயிலில் வைத்து எடுத்த போட்டோ, அப்புறம் நிறச் சீட்டு. நிறச் சீட்டை விடாதீர்கள். எந்தக் கம்பெனி நூல், கோனின் அடியில் இருக்கும் எண் என்ன, எந்த ஊசியில் எது என்று துண்டுக் காகிதத்தில் எழுதி போட்டோ எடுத்துப் போட்டால் போதும். சிவப்பு என்று மட்டும் எழுதினால் அடுத்த வருடம் அதே பள்ளிக்கு வேறு சிவப்பில் பேட்ஜ் போகும். எனக்குப் போயிருக்கிறது.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய மிஷின் பலவும் எட்டு எழுத்துக்கு மேல் காட்டாது, தமிழ் எழுத்தும் வராது. கல்யாண மயில் பெரியது, கல்யாண மயில் சின்னது என்று வைத்தால் மிஷினில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நான் எண் மட்டும் வைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு இலக்கம், வரிசைக்கு நான்கு. எந்த எண் யாருடையது என்பது ஒரு கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டின் பக்கங்களையும் மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து அதே பேக்கப்பில் போடுகிறேன்.

எங்கெல்லாம் வைப்பது? மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் விதி நமக்கும் சரியாகப் பொருந்தும். என்னுடையது இப்படி: கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. பென் டிரைவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மிஷினுக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குவாளி. சோறு வைத்திருக்கும் பானை அல்ல. 8 அல்லது 16 ஜிபி வாங்கி ஃபேட் 32-இல் ஃபார்மேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக வாங்கினால் எக்ஸ்ஃபேட்டாக வரும். அதைப் பழைய மிஷினுக்குப் படிக்கத் தெரியாது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். அப்படியொரு கேள்விக்குத்தான் எங்கள் வீட்டில் ஓகே கொடுத்தது.

ஹார்ட் டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று இங்கே, ஒன்று திருமங்கலத்தில் அம்மா வீட்டு பீரோவில். மாதம் ஒருமுறை போகும்போது கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருவேன். "இது என்னடி, புடவைக்கு நடுவுல?" என்று அம்மா முதலில் கேட்டாள். இப்போது அவளே நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். நகல் எடுத்த உடனே டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் சொருகியே கிடந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

நகல் எடுக்க ஃபிரீஃபைல்சிங்க் பயன்படுத்துகிறேன். அதில் மிரர் என்றும் அப்டேட் என்றும் தேர்வுகள் உண்டு. மிரர் கொடுத்தால் கம்ப்யூட்டரில் இல்லாததை டிஸ்க்கிலும் அழித்துவிடும். தெரியாமல் ஒரு ஃபோல்டரை டெலீட் செய்துவிட்டு மிரர் ஓட்டினால் பேக்கப்பும் போச்சு. அப்டேட் போதும். கூகுள் டிரைவ் சிங்க்கிலும் இதே கண்ணிதான். கம்ப்யூட்டரில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் திரும்ப எடுக்கலாம். சீசன் வேலையில் ஒரு டிசைனை அடுத்த வருடம்தானே தேடுவோம்? அதனால் சிங்க்கை மட்டும் நம்ப வேண்டாம். இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான் என்றாலும் நமக்குத் தாராளம். 30 கேபி டிசைன் மூவாயிரம் வைத்தாலும் 90 எம்பி. இ.எம்.பி.யும் போட்டோவும் சேர்த்தால் கூடும், ஆனால் பல வருடம் தாங்கும். பள்ளி லோகோ, கம்பெனி லோகோவெல்லாம் இருக்கும் ஃபோல்டரை லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இ.எம்.பி.யில் இன்னொரு சிக்கல். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. மென்பொருளுக்குச் சாவி மாதிரி கம்ப்யூட்டரில் சொருகும் டாங்கிள் தொலைந்தாலோ மென்பொருளே திறக்காது. பக்கத்திலேயே டி.எஸ்.டி. வைப்பது அதற்கும்தான். அவசரத்துக்குத் திறந்து பார்க்க வில்காமின் ட்ரூசைசர் இலவசமாகக் கிடைக்கிறது. படம் வரையும் மென்பொருளான இன்க்ஸ்கேப்போடு சேர்த்து ஓடும் இங்க்ஸ்டிச்சும் இலவசம், அது டி.எஸ்.டி.யையும் பி.இ.எஸ்.ஸையும் படிக்கும்.

மாத முதல் வாரத்தில் மிஷின் காலியாக இருக்கும் ஒரு மதியம், நோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைத் தொடுகிறேன். அந்த டிசைனை ஹார்ட் டிஸ்க்கில் இருந்து மட்டும் எடுத்து, நிறச் சீட்டைப் பார்த்து நூல் மாட்டி, வெட்டுத் துணியில் ஓட்டிப் பார்ப்பேன். மூன்றாவது மாதத்தில் ஒரு ஃபோல்டரில் டி.எஸ்.டி. இருந்தது, நிறச் சீட்டு இல்லை. பார்ட்டி வந்து நிற்கும்போது தெரிவதற்குப் பதில் அன்றைக்கே தெரிந்தது.

எல்லாம் போனாலும் மிஞ்சுவதற்கு ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டிசைனையும் முதலில் ஓட்டும் மாதிரித் துணியை வெட்டி, பில் குத்தும் கம்பியில் குத்தி வைக்கிறேன். போன அந்த மயிலுக்கு மட்டும் மாதிரி இருந்திருந்தால் ஸ்கேன் செய்து அந்தப் படத்தின் மேலேயே பஞ்சிங் போட்டிருக்கலாம். முதலில் துணியின் பின்பக்கம் பேனாவில் எண் எழுதினேன். ஒரு மழையில் ஜன்னலோரம் நனைந்து பாதி எண் கரைந்துவிட்டது. இப்போது ஆறு இலக்கத்தையும் மாதிரியின் மூலையில் மிஷினிலேயே தைத்துவிடுகிறேன். ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.